மாலை ஆறு மணிக்குக் கடல்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு இருபதுக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனிக்குச் சனிக்கிழமை அரை நாள். வீட்டுக்கு வந்து, குளித்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மணி என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்போது கிழக்கே இருந்து ஆட்டோ மைக்கில் ஒரு பெண் குரல் வந்தது.

"பொதுமக்களின் கவனத்திற்கு. இன்று மாலை ஆறு மணிக்குக் கடல் ஊருக்குள் வருகிறது. கரையோரம் குடியிருப்பவர்கள் குழந்தைகளையும் குடும்ப அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனடியாக மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். படகுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இனிமேல் அவைதான் உங்கள் வீடுகள்."

அதற்குப் பிறகு அலைச் சத்தம். நீண்ட அலைச் சத்தம்.

நான் அடுப்பை அணைத்தேன். பீரோ மேல் இருந்த சான்றிதழ் பையை எடுத்தேன். மாடிப்படியில் நாலைந்து படி ஏறியும் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அது என் மகளின் குரல். அந்த வரிகளை இரண்டு நாள் முன்பு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தவள் நான். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற சொல்லை நான்தான் போடச் சொன்னேன், அரசாங்கம் அப்படித்தான் பேசும் என்று. எழுதியவளைப் பெற்றவளே, பிழை திருத்தியவளே, பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே மூன்று தெரு தள்ளி மீனவர் குப்பம். அதைத் தாண்டினால் கடல். சுனாமி வந்த காலையில் எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஈரத் தலையோடு எங்கள் தெரு வழியாக ஓடி வந்தவர்களை வாசலில் நின்று பார்த்தேன். கடற்கரைச் சாலையில் கொட்டியிருந்த பாறைகள் டவுனைக் காப்பாற்றின. குப்பங்களுக்கு முன்னால் பாறை கிடையாது. அந்தச் சொற்களை, 'கடல் ஊருக்குள் வருகிறது' என்பதை, இந்த ஊரில் யாரும் உவமையாகக் கேட்டுக்கொள்ள முடியாது. என் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள்.

அவள் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறாள். பாடப் புத்தகம் தவிர அவள் படிப்பதெல்லாம் உலகம் அழிகிற நாவல்கள். நோய் வந்து அழிகிறது, வெயிலில் அழிகிறது, இயந்திரங்கள் அழிக்கின்றன, அரசாங்கமே அழிக்கிறது. தமிழிலும் இப்போது அப்படி நிறைய வருகிறது. அவள் கட்டில் ஓரத்தில் அந்த அட்டைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கவிழ்த்து வைத்துவிடுவேன். இடிந்த கட்டடம், முகமூடி, சிவப்பு வானம். பத்தொன்பது வயதுப் பெண் எதற்காக இதை விரும்ப வேண்டும்? மனசுக்குள் ஏதாவது இருக்கிறதா? யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? நான் கம்பெனியில் பார்ப்பது தரக் கட்டுப்பாடு. ஒவ்வொரு தொகுதியிலும் எது கெட்டிருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்த வேலையை நிறுத்தத் தெரியவில்லை.

"ஏன்டி, ஒரு நல்ல கதை படிக்கக் கூடாதா?"

"இது நல்ல கதைதாம்மா. எல்லாரும் செத்துடறாங்க, அவ்ளோதான்."

அவளுக்குத் தெரியாமல் நானும் சிலதைப் படித்துப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் படித்தேன், ஆனால் கீழே வைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த உலகங்களில் கடைசியில் ஒரு ஆள், ஒரு துப்பாக்கி, ஒரு டப்பா சாப்பாடு மிஞ்சுகிறது. யாருக்கும் நாத்தனார் இல்லை. யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதே பெரிய திருப்பமாக வருகிறது. புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் முட்டி அளவு தண்ணீர் நின்றபோது நாங்கள் அப்படி இருக்கவில்லை. மூன்று வீட்டுக்கு ஒரே அடுப்பில் உப்புமா கிண்டினோம், உப்புக் கூடிப்போனதற்குச் சண்டையும் போட்டோம்.

ஒரு நாள் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டாள், நான் படித்ததற்கு. பிறகு சொன்னாள்:

"உங்களுக்கெல்லாம் எதிர்காலம் புத்தகத்துல வந்துச்சும்மா. எங்களுக்கு ஃபோன்ல அலர்ட்டா வருது. பத்தாவது படிக்கறதுக்குள்ள ஒரு நோய், ரெண்டு புயல். அதப் பத்தி எழுதாம வேற எதப் பத்தி எழுதறது? ஆனா நீ சொல்றது சரி. இந்தக் கதைங்கள்ல எப்பப் பாத்தாலும் வேற ஊருதான் அழியுது. பெரிய பாலம், பெரிய கட்டடம். நம்ம ஊரு அழியறதுக்குக்கூட லாயக்கில்லாத ஊரா?"

அப்படித்தான் அவள் எங்கள் ஊரை மூழ்கடித்தாள். பதினாறு பக்கம். கடல் உள்ளே வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிடுகிறது. ஊரில் மிச்சம் இருப்பது மொட்டை மாடிகளும், கோயில் கோபுரங்களும், மாதா கோயிலின் இரண்டு உச்சிகளும். அரசாங்கம் உலர்ந்த தரைக்கு ரேஷன் அட்டை கொடுக்கிறது. ஏழைகளான சிவப்பு அட்டைக்காரர்கள் பகலில் ஒரு மணி நேரம் உலர்ந்த தரையில் நிற்கலாம், வசதியுள்ள மஞ்சள் அட்டைக்காரர்கள் படுத்தும் கொள்ளலாம். படகில் மைக் கட்டி அறிவிப்பு வருகிறது. படித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு தூக்கம் வரவில்லை.

அவளும் கல்லூரித் தோழிகள் சிலரும் மாதம் ஒரு முறை எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் மாடியில் கதை வாசிப்பார்கள். போன மாதம் கேட்க வந்தது நான், நூலகத்தின் காவலாளி, பேப்பர் படிக்க வந்து படி ஏறிவிட்ட ஒருவர். இந்த முறை அவள் கதை. "யாருமே வரலைன்னா நான் இனிமே எழுதவே மாட்டேன்" என்று வியாழக்கிழமை சொன்னாள். அதைத் தாங்க முடியாமல் ஆட்டோ மைக் வைக்கலாமே என்று யோசனை சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் எதுவும் ஆட்டோ மைக்கில்தான் தெரிய வரும். குடிதண்ணீர் வராது என்பது, சாவு, வீட்டு வரி, தள்ளுபடியில் சோபா, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை. ஆட்டோக்காரர் பென் டிரைவை வாங்கிச் சொருகிவிட்டுத் தெருத் தெருவாகப் போவார். ஆட்டோ நிற்காது. ஒவ்வொரு தெருவும் தன் பங்குக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சாவு அறிவிப்பில் எங்கள் தெருவுக்கு எப்போதும் 'தகனம் மாலை நான்கு மணிக்கு' மட்டும்தான் வந்து சேரும். செத்தது யார் என்று பக்கத்துத் தெருவுக்குப் போய்க் கேட்டு வருவோம்.

என் மகள் பதிவு செய்தது இப்படி: முதலில் கதையின் முதல் பத்தி, அரசாங்கக் குரலில், உரக்க. பிறகு அலை. பிறகு தன் சொந்தக் குரலில், மெல்ல, "இது ஒரு கதை. மீதியைக் கேட்க மாலை ஆறு மணிக்கு நூலக மாடிக்கு வாருங்கள்." மேற்கே இருந்த தெருக்களில் ஆட்டோ மெதுவாகப் போனது. முழுவதும் கேட்டுச் சிரித்தார்களாம். குப்பத்துச் சந்துகளுக்குள் ஆட்டோ நுழையாது. அம்மன் கோயில் முனை வரை வந்து, அறிவிப்பைச் சொல்லி, அலைச் சத்தத்தோடு திரும்பிவிட்டது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் குப்பத்துக்குப் போனபோது எதிரே ஊர் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் மூங்கிலில் படகு எஞ்சினைத் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மீன் விற்கும் அன்னக்கூடையில் கைக்குழந்தையை உட்காரவைத்து இடுப்பில் அணைத்திருந்தாள். பள்ளிக்கூட மாடியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஓடத் தெரிந்திருந்தது. யார் முன்னால், யார் பின்னால், எதை விட்டுவிடுவது என்று எல்லாம் முன்பே தெரிந்தவர்களாக ஓடினார்கள். அதைப் பார்த்ததுதான் எனக்கு அன்றைக்கு மிகவும் கொடுமையாக இருந்தது.

ஊர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டுத் திருப்பி ஓட்டி வந்த ஆட்டோ கோயில் முனையில் நின்றது. என் மகள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள்.

"கடல் வரலைங்க. அது கதைங்க. நான் எழுதுன கதைங்க. திரும்பி வாங்க."

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டோவைச் சுற்றி நின்றார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ பொண்ணு," என்றாள் அன்னக்கூடைக்காரி. குழந்தை இன்னும் கூடைக்குள்தான் இருந்தது. "கடல் எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. உனக்கு மணியோட சொல்லிட்டுப் போச்சா?"

"அடுப்புல வஞ்சிரக் குழம்பு வச்சிட்டு ஓடுனேன்," என்றாள் இன்னொருத்தி. "கரிஞ்சு போச்சு. உன் கதையில அத எழுதிக்கோ."

ஆட்டோக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், அந்த அலைச் சத்தம் வேணாம்னு. சாவுக்குப் போடுற ஷெனாய் போதும்னேன்."

யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கிவிட்டது, ஏனென்றால் கூட்டம் வழிவிட்டு ஒருவர் முன்னால் வந்தார். வெள்ளை வேட்டி, அன்றைக்கென்று போட்ட புதுச் சட்டை. அந்தக் குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவர். அவருக்குப் பின்னால் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு ஒரு பெண் வந்தாள். அவருடைய தம்பி மகள்.

"எழுதுனது யாரு?"

"நான்தாங்க," என்றாள் என் மகள்.

"இன்னிக்கு எங்க வூட்டுல பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. அரியாங்குப்பத்துலேர்ந்து. பொண்ணு காப்பித் தட்டைத் தூக்கிட்டு வர்ற நேரம். உன் மைக்கு வந்துச்சு. மாப்ள வூட்டுக்காரங்க வேன்ல ஏறிப் போயிட்டாங்க. நான் ஃபோன் போட்டுக் கதைன்னு சொல்லிட்டேன். பையனோட மாமன் என்னா சொல்றான் தெரியுமா? பொண்ணு கதவத் தாண்டுற நேரத்துல கடல் வருதுன்னு சத்தம் வந்துச்சின்னா, அந்த எடம் எங்களுக்கு வேணாம், அபசகுனம்னுட்டான். பையன்கிட்ட ஃபோனக் குடுன்னேன். பையன நாங்க பாத்துக்கறோம்னு வச்சிட்டான்."

என் மகள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். முகத்தில் கோபமே இல்லை.

"எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு," என்றாள் அவள். கதை எழுதியவளிடம் மட்டும் சொல்வது போல, மெதுவாக. "ரெண்டு மூணு தடவ ஃபோன்ல பேசியிருக்கோம். நல்லாப் பேசுனாரு. நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியுது. ஆனா புடிச்சிருந்துச்சு."

யாராவது அடித்திருந்தால்கூட என் மகள் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் கை கூப்பினேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், அந்த வீட்டுக்கு நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்துச் எங்கள் ஊர்ப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து நின்றார். யாரோ நூறுக்குப் போன் செய்திருக்கிறார்கள். புரளி கிளப்பினால் என்ன வழக்கு, எத்தனை வருடம், படிப்பு என்ன ஆகும், பாஸ்போர்ட் கிடைக்குமா, எல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"என்னா தகராறு?"

"ஒண்ணுமில்ல சார்," என்றார் பெரியவர். "எங்க ஊர் விஷயம். நாங்க பேசிக்கறோம்."

போலீஸ்காரர் ஆட்டோவைப் பார்த்தார், பட்டுப் புடவையைப் பார்த்தார், ஏதோ கல்யாணத் தகராறு என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் என் மகள் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்க் கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. தப்புப் பண்ணவன் சொல்ல வேண்டியத மொத்தமாச் சொல்லி முடிச்ச பெறவுதான் நாங்க வாயத் தொறப்போம். நடுவுல பேசுனா அவனுக்கு அபராதம். நீ என்னாவோ எழுதி வச்சிருக்கியாமே. மொதல் பத்திக்கே எங்கள ஓடவுட்டுட்ட. ஆறு மணிக்கு நாங்க வர்றோம். முழுசாக் கேட்டுட்டு, என்னா பண்றதுன்னு சொல்றோம்."

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவளை உடனே சென்னைக்கு பஸ் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். வேலை விஷயமாக அங்கே போயிருந்த அவள் அப்பா பேருந்து நிலையத்தில் வந்து கூட்டிக்கொண்டு போவார். அவளிடம் சொன்னேன்: "நான் போய் அவங்ககிட்டப் பேசறேன். நீ ஒண்ணும் படிக்க வேணாம். அந்தக் கதையக் கிழிச்சுப் போடு."

"படிக்கணும்மா."

"அவங்க கதை கேக்க வரல. விசாரிக்க வர்றாங்க."

"தெரியும். நான் படிக்கலைன்னா அது பொய்ம்மா. ஒரு பொண்ணு மைக்ல பொய் சொன்னா, அவ்ளோதான். முழுசாப் படிச்சாத்தான் அது கதை." பிறகு சொன்னாள்: "அந்த அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அது கதையில இல்ல."

ஆறு மணிக்கு நூலக மாடியில் வாடகை நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. அவளுடைய தோழிகள் விஷயம் கேள்விப்பட்டுப் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். காவலாளி மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, "இன்னிக்கும் நாம மட்டும்தானா" என்றார். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்ப் பார்த்தேன். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அப்போது கிழக்கு முனையில் அவர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்புவது தெரிந்தது. எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. குப்பம் முழுவதும் வந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு, மீன் முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. வீடுகளைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். படி கொள்ளவில்லை. நாற்காலி போதவில்லை, தரையில் உட்கார்ந்தார்கள், மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரரும் வந்தார். பட்டுப் புடவைக்காரப் பெண் பூவைக்கூட எடுக்காமல் முன்னால் உட்கார்ந்தாள். பெரியவர் அவள் பக்கத்தில்.

என் மகள் எழுந்து நின்றாள். முதல் பத்தியை அவள் மறுபடி படித்தபோது கூட்டத்தில் ஒரு மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை.

இரண்டாம் பக்கம் வரை அமைதி. மூன்றாம் பக்கத்தில் கதையில் ஊர் மூழ்கிய மறுநாள் வருகிறது. டவுனில் யாருக்கும் படகு கிடையாது. குப்பத்துக்காரர்களிடம்தான் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, கலெக்டர் ஆபீசுக்குப் போக எல்லாரும் அவர்களிடம்தான் வர வேண்டும். கடற்கரைச் சாலைப் பக்கத்து ஒயிட் டவுன் பணக்காரர்கள் தங்கள் பெரிய பங்களாக்களின் மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் கை காட்டுகிறார்கள்.

"ஒயிட் டவுன்காரங்கள்லாம் நம்மகிட்ட டிக்கெட் வாங்கணுமா?" என்றாள் அன்னக்கூடைக்காரி.

"அபராதம்," என்றார் பெரியவர்.

"குடுத்துடறேன் அண்ணே. எவ்ளோ டிக்கெட்டுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அதற்குப் பிறகு அந்த வழக்கத்தைக் காப்பாற்ற முடியவில்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் உலர்ந்த தரையில் நிற்கலாம், படுக்கக் கூடாது என்ற இடத்தில் ஒருவர் எழுந்து, "இப்பவே அப்படித்தானே இருக்குது" என்றார். கைதட்டினார்கள். கதையில் அரசாங்கப் படகு மைக் கட்டிக்கொண்டு வந்து, கடல் மூன்று வேலை நாட்களுக்குள் திரும்பிப் போய்விடும், அதுவரை பொதுமக்கள் மிதந்துகொண்டிருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று சொல்கிறது. ஆட்டோக்காரர் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரை இடித்தார். அம்மன் கோயிலைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தில், அம்மனைப் படகில் ஏற்றி ஒவ்வொரு மாடிக்கும் கொண்டுபோகிற இடத்தில், மட்டும் யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட. அந்தப் பக்கத்தைப் பிழை திருத்தியபோது அது அவ்வளவு நல்ல பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரிந்தது, அவள் யாருக்காக எழுதியிருக்கிறாள் என்று. அட்டைப் படங்களில் இருந்த சிவப்பு வானத்தைப் பார்த்து இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்தேன். இங்கே ஒரு குப்பமே உட்கார்ந்து தன் ஊர் மூழ்குவதைக் கேட்டது. பயப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் கடல் திரும்பிப் போகவில்லை. அவர்கள் அடுப்பு மூட்டி, படகில் வைத்துச் சமைக்கிறார்கள். மாடிக்கு மாடி சாப்பிட்டாயா என்று கேட்டுக் கத்துகிறார்கள்.

அவள் முடித்தாள். மாடி முழுக்கச் சத்தம் எழுந்தது. அந்த நூலகம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. காவலாளி எழுந்து நின்று கைதட்டினார். தோழிகள் சுவரை விட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். வஞ்சிரக் குழம்புக்காரி, "என் குழம்பு கரிஞ்சதுக்கு வருத்தமில்ல போ" என்றாள். "சாவு அனௌன்ஸ்மென்ட்டுக்குக்கூட எனக்கு இவ்ளோ கூட்டம் சேந்ததில்ல" என்று ஆட்டோக்காரர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

பெரியவர் கையைத் தூக்கினார். அடங்கினார்கள்.

"சொல்லி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்க. எங்கள யாரும் கதையில இப்படி ஒக்கார வச்சதில்ல. ஓடுனதுல முட்டி சிராச்சதெல்லாம் ஆறிடும். குழம்ப மறுபடி வச்சிக்கலாம்." அவர் நிறுத்தினார். தன் தம்பி மகளைப் பார்த்தார். "ஆனா இந்தப் பொண்ணோட சம்பந்தம் போச்சே. அதுக்கு என்னா சொல்ற?"

அந்தப் பெண் தலை குனிந்து புடவை முந்தானையின் சரிகையை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கதை நெடுகிலும் எல்லாரும் சிரித்தபோது அவள் ஒரு முறையும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். என் மகள் அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியலக்கா," என்றாள். "நாளைக்கு நானே அரியாங்குப்பம் போறேன். அவங்க வூட்டு வாசல்ல நின்னு, தப்பு எம்மேலதான், உங்க மேல ஒண்ணுமில்லன்னு சொல்றேன். அவங்க திட்டட்டும். அத மட்டும்தான் என்னால செய்ய முடியும்."

"அந்த மாமன் கதவே தொறக்க மாட்டான்," என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

படியில் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். ஒரு இளைஞன் வந்து நின்றான். புதுச் சட்டை முழுக்க வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியதில் முதலில் பேச முடியவில்லை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும், குழந்தைகளையும், நாற்காலிகளையும் ஒன்றும் புரியாமல் பார்த்தான். அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவள் கன்னம் சிவந்ததிலிருந்து அவன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ வேன்ல போகலயா?"

"அரியாங்குப்பம் பாலத்துக்கிட்ட டிராஃபிக்குல வேன் நின்னுச்சுங்க. குதிச்சிட்டேன். ஃபோன் அம்மா பையில இருக்குது." அவன் பார்வை அந்தப் பெண்ணை விட்டு நகரவில்லை. "நடந்தே வந்தேன், வழி தெரியாம ரொம்ப நேரம் சுத்திட்டேன். வழியில யாருக்குமே விஷயம் தெரியல, டீ குடிச்சிட்டு ஒக்காந்திருக்காங்க. கடல் வருதுன்னு சொல்லி ஆட்டோவக் கூப்பிட்டா, குடிச்சிருக்கியான்னு கேக்கறாங்க. உங்க தெருவுக்குப் போனா எல்லா வூடும் பூட்டிக் கெடக்குது, ஒரு ஆள் இல்ல. எனக்கு உயிரே போயிடுச்சு. அப்பறம் இங்க லைட்டு எரியறதப் பாத்தேன்."

அவனுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்க, அவளிடம் சொன்னான்:

"தண்ணி வர்றதுக்குள்ள உங்களக் கூட்டிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். வண்டி கெடைக்கல. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."